தாங்கிக்குள் தண்ணீர்: இரத்மலானையில் நான் பட்டதும் தெரிந்துகொண்டதும்

சிறிய விமானம் ஓட்டப் பழகுகிற தமிழ்ப் பிள்ளைகள் கொழும்பில் இப்போது அங்கொருவர் இங்கொருவராக இருக்கிறார்கள். எரிபொருளில் தண்ணீர் கலந்து, பறக்கும்போது எஞ்சின் திணறிய என் விஷயத்தைக் கேள்விப்பட்ட சிலர் போன் எடுத்து விசாரிக்கிறார்கள். போனில் பாதியைச் சொல்வதற்குள் மீதி விடுபட்டுப் போகிறது. இதையெல்லாம் முன்பே யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் பணமும் மாதங்களும் மிஞ்சியிருக்கும். அந்த நாட்களில் அவ்வளவு தனித்துப் போயிருக்கவும் மாட்டேன். அதனால் நடந்ததை நடந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன். விமானம் வாடகைக்கு எடுத்த இடத்தின் பெயரையோ ஆட்களின் பெயர்களையோ எழுதவில்லை. இது எங்கேயும் நடக்கக்கூடிய காரியம்.

நான் வங்கியில் வேலை செய்கிறேன், வீடு வெள்ளவத்தையில். தனியார் விமானி அனுமதிப்பத்திரம் எடுத்த பிறகு, வர்த்தக அனுமதிப்பத்திரத்துக்குத் தேவையான பறப்பு மணித்தியாலங்களைச் சேர்த்துக்கொண்டிருந்தேன். சனி, ஞாயிறு, போயா விடுமுறை என்று கிடைக்கிற நாளெல்லாம் இரத்மலானை விமான நிலையம்தான். மொத்தமாக முன்பணம் கட்டினால் மணித்தியாலக் கட்டணம் கொஞ்சம் குறையும் என்றார்கள். சேமிப்பையும் சீட்டு எடுத்த காசையும் சேர்த்து 9 இலட்சம் ரூபா கட்டியிருந்தேன். கையொப்பம் வைத்த ஒப்பந்தத்தில் நான்கு பக்கம் இருந்தது. மூன்றாம் பக்கத்தில், வாடகைக் காலத்தில் எஞ்சினுக்கு ஏற்படும் சேதத்துக்கு வேறு காரணம் நிரூபிக்கப்படாவிட்டால் எடுத்தவரே பொறுப்பு என்று ஒரு வரி. எல்லாரும் அதில் கையொப்பம் வைத்துத்தான் பறக்கிறார்கள். அந்த வரி எப்படி வேலை செய்யும் என்பது பிறகுதான் விளங்கியது.

மே மாதக் கடைசி. தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கி, இரவிரவாக அடித்த மழை விடிகிற நேரம் ஓய்ந்திருந்தது. ஹெங்கருக்குள் வேறொரு விமானம் திருத்த வேலையில் கிடந்ததால் நான் எடுக்க வேண்டிய செஸ்னா 172 வெளியே, புல் ஓரமாக நின்றது. பழைய வகை, பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கிற காபரேற்றர் வைத்த லைகோமிங் எஞ்சின். இரண்டு இறக்கைகளிலும் எரிபொருள் தாங்கிகள், ஒவ்வொன்றும் பாதிக்குக் கொஞ்சம் மேல். அன்று கொக்கலைக்குத் தனியாகப் போய்த் திரும்புவது என் திட்டம்.

பறக்க முன் தாங்கிகளின் அடியிலிருந்து எரிபொருளைக் கொஞ்சம் கண்ணாடி போன்ற கப்பில் வடித்துப் பார்ப்போம். சிறிய விமானங்களுக்கான அவ்காஸ் 100எல்எல் மெல்லிய நீல நிறம். லீற்றருக்கு ஏறக்குறைய 0.72 கிலோ எடை. தண்ணீர் 1 கிலோ என்பதால் அடிக்குப் போய், தோசைக்கல்லில் விழுந்த துளி மாதிரி உருண்டு நிற்கும். வலது தாங்கியில் முதல் கப்பில் அப்படி இரண்டு மூன்று உருண்டைகள் இருந்தன. மறுபடி வடித்தேன், மறுபடியும் வடித்தேன், சுத்தமான நீலம் வரும்வரை. இடது தாங்கி முதல் கப்பிலேயே சுத்தம். எரிபொருள் எஞ்சினுக்குள் போக முன் கடக்கிற முன்பக்க வடியிலும் (வடித்துப் பார்க்கிற வாயிலும்) ஒன்றுமில்லை. கையேட்டில் எழுதியிருப்பது அவ்வளவுதான், எனக்குப் படிப்பித்ததும் அவ்வளவுதான்.

சுத்தமான கப் ஒன்று வந்துவிட்டதால் தாங்கி சுத்தமாகிவிட்டது என்று ஆகாது. இந்த விஷயத்தை மட்டும் வாசித்துவிட்டு மீதியை விட்டாலும் பரவாயில்லை. வடிகிற வாய் தாங்கியின் ஒரு மூலையில் இருக்கிறது. விமானம் சமதரையில் நின்றால் தண்ணீர் அந்த மூலைக்கு வரும். ஒரு சில்லு புல்லில் புதைந்து இறக்கை ஒருபக்கம் சாய்ந்தாலோ, மூக்கு கொஞ்சம் உயர்ந்து வால் தாழ்ந்தாலோ, தண்ணீர் வேறு மூலையில் போய்ப் படுத்துக்கொள்ளும். தாங்கியின் அடித்தகட்டில் இருக்கிற மடிப்புகளிலும் தங்கும். நாம் வடிக்கிற கப்புக்கு அது வராது. ஆனால் ஓடுபாதையில் வேகமெடுத்து மூக்கைத் தூக்கி ஏறும்போது முழுவதும் இடம் மாறி எஞ்சினுக்குப் போகிற குழாய் வாய்க்கு வந்துவிடும். புதிய 172களின் கையேட்டில் இதற்கு வழி எழுதியிருக்கிறது: வடித்ததில் அழுக்கோ தண்ணீரோ கண்டால் இறக்கைகளை மெதுவாக ஆட்டி, வாலைத் தரைவரை தாழ்த்தி, திரும்பத் திரும்ப வடித்துப் பார்க்க வேண்டும், அப்படியும் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் அன்று பறக்கவே கூடாது. அந்தப் புதிய விமானங்களில் 13 வடிகள் வைத்திருப்பதும் இந்தக் காரணத்துக்காகத்தான். பழைய விமானங்களில் இறக்கைக்கு ஒன்று, முன்னால் ஒன்று என்று மிகக் குறைவு. நம் நாட்டில் பழகுகிற பிள்ளைகளின் கைக்குப் பெரும்பாலும் வருவது பழையவைதான்.

தண்ணீர் எப்படி உள்ளே போகிறது என்று கேட்டால் பலரும் காற்றிலிருக்கிற ஈரம் இரவில் குளிர்ந்து தாங்கிக்குள் படிகிறது என்பார்கள். குளிர் நாட்டில் அது பெரிய காரணம். கொழும்பில் இரவுக்கும் பகலுக்கும் வெப்பநிலை வித்தியாசம் அவ்வளவு கிடையாது. நம்முடைய எதிரி மழை. வருடத்துக்கு ஏறக்குறைய 2400 மில்லிமீற்றர் மழை விழுகிற ஊரில், இறக்கையின் மேலே இருக்கிற மூடிதான் தாங்கிக்கும் வானத்துக்கும் நடுவில் இருக்கிற ஒரே தடை. மூடியின் ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து இறுகி வெடித்துவிட்டால், மூடியைச் சுற்றித் தேங்குகிற தண்ணீர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். அதனால் மூடியைத் திறக்கும்போது அளவுகோலை மட்டும் விட்டுப் பார்க்காமல், வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். மிருதுவாக இருக்க வேண்டும், கோடு கோடாக வெடித்திருக்கக் கூடாது. அந்த வளையம் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசுக்கும் பெறாத சாமான்.

வடித்துப் பார்ப்பதிலும் ஒரு பொறி உண்டு. கப் முழுவதும் தண்ணீராகவே வந்துவிட்டால் நடுவில் கோடு தெரியாது. பார்க்கச் சுத்தமாக, ஒரே சீராக இருக்கும். காலைநேர மங்கல் வெளிச்சத்தில் மெல்லிய நீலத்துக்கும் நிறமின்மைக்கும் வித்தியாசம் கண்ணுக்குப் படாது. கப்புக்குப் பின்னால் வெள்ளைத்தாள் பிடியுங்கள். நிச்சயமான வழி, நல்ல அவ்காஸ் என்று தெரிந்ததைக் கப்பில் கொஞ்சம் முதலில் வைத்துக்கொண்டு அதன்மேல் வடிப்பது. வந்தது தண்ணீரென்றால் உடனே பிரிந்து அடிக்குப் போய்விடும். எரிபொருள் நிரப்பிய கையோடு வடிப்பதிலும் பயனில்லை. கலங்கியது அடங்கக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும். நான் இப்போது நிரப்பிவிட்டு மற்ற எல்லாச் சோதனைகளையும் முடித்த பிறகுதான் கடைசியாக வடிக்கிறேன்.

அன்றைக்குத் திரும்புகிறேன். எஞ்சினை ஓடவிட்டுச் சோதித்தபோது ஒரு குறையும் இல்லை. ஓடுபாதை 22இல், கடலைப் பார்த்தபடி புறப்பட்டேன். இரத்மலானையைத் தெரிந்தவர்களுக்கு விளங்கும்: ஓடுபாதை முடிந்ததும் காலி வீதி, பிறகு வீடுகள், ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கடலுக்கு மேல் போய், தெற்கே திரும்புவதற்காக இடப்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தபோது எஞ்சின் ஒருமுறை இருமியது. 800 அடிக்குக் கிட்ட இருந்திருப்பேன். என் காலுக்குக் கீழே தரை அதிர்ந்தது. அடுத்த இருமலில் சுற்று வேகம் 2400இலிருந்து 1700க்கு விழுந்தது, கொஞ்சம் ஏறியது, மறுபடி விழுந்தது.

அந்த நேரம் என்ன நினைத்தாய் என்று எல்லாரும் கேட்கிறார்கள். முதலில் வந்தது பயமல்ல, நம்ப முடியாமை. இது எனக்கு நடக்கவில்லை என்று மூளை பிடிவாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. பயம் அதற்குப் பின்னால் வயிற்றிலிருந்து வந்தது. கைகள் மட்டும் பழகியதைச் செய்தன. மூக்கைத் தாழ்த்தி 65 நொட் வேகத்தைப் பிடித்தேன். சத்தமாக வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தேன்: காபரேற்றர் சூடு, எரிபொருள்-காற்றுக் கலவை முழுவதும், தீப்பொறி தருகிற மக்னீற்றோக்கள் இரண்டும், எரிபொருள் தெரிவு (எந்தத் தாங்கியிலிருந்து எடுப்பது என்ற திருகு).

காபரேற்றர் சூட்டை முதலில் இழுத்ததற்குக் காரணம் உண்டு. பெற்றோல் ஆவியாகும்போது காபரேற்றருக்குள் வெப்பநிலை 20 பாகைக்கு மேலும் குறையும். கொழும்புக் காற்றின் ஈரத்துக்கு, வெளியே 28 பாகை வெயிலடித்தாலும் உள்ளே பனி பிடிக்கலாம். தண்ணீர் கலந்த எரிபொருளின் அறிகுறியும் பனி பிடித்ததன் அறிகுறியும் ஆரம்பத்தில் ஒரே மாதிரித்தான் இருக்கும். சூடு கொடுத்துக் கொஞ்சம் பொறுத்தும் மாற்றமில்லை. காலையில் வலது தாங்கியில் கண்ட உருண்டைகள் ஞாபகத்துக்கு வந்தன. 'இரண்டும்' என்றிருந்த எரிபொருள் தெரிவை 'இடது' என்று மாற்றினேன். குழாய்க்குள் ஏற்கெனவே புகுந்த தண்ணீர் தீரும்வரை எஞ்சின் திணறிக்கொண்டேதான் இருக்கும் என்பதால், மாற்றியதும் பலன் தெரியவில்லையே என்று திரும்ப மாற்றிவிடக் கூடாது. அந்தச் சில வினாடிகள் மிக நீளமானவை.

ஓடுபாதைக்கு உடனே திரும்பவில்லை. பாதிச் சக்தியோடு திணறுகிற எஞ்சின், முழுதாக நின்றுபோன எஞ்சினைவிடப் பொல்லாதது என்பது என் கருத்து. முழுதாக நின்றால் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: எதிரே கிடைக்கிற இடத்தில் இறக்குவது. பாதி இருந்தால் ஆசை வரும். திரும்பிவிடலாம், இன்னும் கொஞ்சம் தாங்கும் என்று தோன்றும். தாழ்வான உயரத்தில் அப்படித் திரும்பும்போது வேகம் விழுந்து விமானம் சரிந்து விழுகிற விபத்துகள் உலகம் முழுவதும் நடக்கின்றன. அவுஸ்திரேலிய விபத்துப் புலனாய்வாளர்கள் இந்தப் பாதிச் சக்தி இழப்புக்கென்றே தனியாக ஒரு கையேடு எழுதியிருக்கிறார்கள். நான் கரையோடு ஒட்டி, அங்குலானைக் கடற்கரையை இடக்கைப் பக்கம் வைத்துக்கொண்டேன். நின்றுவிட்டால் கரைக்குக் கிட்டவாகத் தண்ணீரில் இறக்குவது என்று முடிவெடுத்து, கதவின் பிடியைத் திறந்துவிட்டேன். உயிர்காப்பு அங்கி உடம்பிலேயே இருந்தது. கடலோரமாகப் பறக்கிறவர்கள் அதை ஆசனத்துக்குப் பின்னால் போட்டு வைப்பதில் அர்த்தமே இல்லை. அந்த நேரத்தில் அணிய மூன்றாவது கை வேண்டும். காற்று நிரப்புவதை மட்டும் வெளியே வந்த பிறகுதான் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் விமானத்துக்குள்ளேயே மிதந்து மாட்டிக்கொள்வோம்.

எஞ்சின் 2100க்கு வந்து அங்கேயே நின்றது. உயரம் 600 அடிக்குக் கீழே போகவில்லை. அப்போதுதான் ரேடியோவில் பான்-பான் (அவசரநிலை என்ற அறிவிப்பு) சொன்னேன். டவரிலிருந்து வந்த குரல் அவ்வளவு அமைதியாக இருந்தது. அந்த மனிதருக்கு நான் வாழ்நாள் முழுவதும் கடமைப்பட்டிருக்கிறேன். எந்தப் பக்கத்தாலும் இறங்கலாம், ஓடுபாதை உனக்குத்தான் என்றார். இடப்பக்கமாகத் திரும்பி, வீட்டுக் கூரைகளைக் கடந்து, காற்று முதுகில் தள்ள, அதே ஓடுபாதையில் எதிர்த்திசையாக, 04இல் இறங்கினேன். 1800 மீற்றர் அளவு நீளமான ஓடுபாதை என்பதால் காற்றுக்கு எதிராக இறங்கவில்லையே என்ற கவலை இருக்கவில்லை. சில்லுகள் பட்டு, வேகத்தைக் குறைத்ததும் எஞ்சின் தானாகவே நின்றது. அதற்குப் பிறகு அது ஓடவில்லை. கயிறு கட்டித்தான் இழுத்துப் போனார்கள்.

இத்தோடு கதை முடிந்திருந்தால் நான் எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

தீயணைப்பு வண்டி வந்து போனது. யாரோ தண்ணீர்ப் போத்தல் தந்தார்கள். நான் நிழலில் உட்கார்ந்து நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில், பாதுகாப்புக்காக என்று சொல்லி, விமானத்தின் இரண்டு தாங்கிகளையும் முழுவதுமாக இறக்கினார்கள். இரண்டினதையும் ஒரே பரலில் ஊற்றினார்கள். அந்தப் பரலில் ஏற்கெனவே வேறு எரிபொருள் இருந்தது. முன்பக்க வடியையும் கழற்றித் துடைத்துப் பூட்டினார்கள். கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு மணித்தியாலத்துக்குள், அந்த எஞ்சின் ஏன் திணறியது என்று சொல்லக்கூடிய சாட்சி கிட்டத்தட்ட முழுவதும் அழிந்துபோயிற்று.

அடுத்த கிழமை கடிதம் வந்தது. எஞ்சினைக் கழற்றிச் சோதிக்க வேண்டும், செலவு 3 இலட்சத்து 40 ஆயிரம், எரிபொருளில் குறை இருந்ததற்கு ஆதாரம் இல்லாதபடியால் ஒப்பந்தத்தின்படி அது என் கணக்கு, முன்பணத்தில் கழிக்கப்படும். அதோடு, விமானம் திருத்தி முடியும்வரை மீதி மணித்தியாலங்களும் கிடையாது. கலவையை நான் தவறாக இழுத்திருக்கலாம், காபரேற்றர் சூட்டைப் பிந்திப் போட்டிருக்கலாம் என்று வாய்வழியாக ஒரு பேச்சு வேறு. உயிரோடு இறங்கி வந்ததற்கு ஒருவரும் பாராட்ட வேண்டாம், ஆனால் என் கையைக் குற்றம் சொன்னது இன்றைக்கும் ஆறவில்லை. இரவில் எங்கள் லேனில் முச்சக்கரவண்டி ஒன்று இருமிக்கொண்டு போனால் எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அம்மாவுக்கு முழு விஷயமும் சொல்லவில்லை. விமானம் பழுது என்று மட்டும் சொன்னேன். வேலைக்குப் போய், வந்து, கடிதங்களை எடுத்து வைத்து வாசித்து, யாரிடம் கேட்பதென்று தெரியாமல் இருந்தேன். கூடப் பழகியவர்கள் ஒதுங்கினார்கள். அவர்களும் அங்கேதான் பறக்க வேண்டும், அது எனக்கு விளங்குகிறது.

வழி காட்டியவர் ஓய்வுபெற்ற விமானப் பொறியியலாளர் ஒருவர். பருத்தித்துறைப் பக்கத்தவர், இப்போது தெஹிவளையில் இருக்கிறார். கோயிலில் கண்டு பழகியவர்களின் மூலம் அவருடைய வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பிள்ளை, காபரேற்றரின்ர அடிக் கிண்ணத்தைத் திறந்து பாத்தவங்களோ?" என்றார்.

"தெரியாது ஐயா. ஒருத்தரும் அதைப்பற்றிக் கதைக்கேல்லை."

"எஞ்சின் நிலத்தில தானா நிண்டதெண்டு சொல்லுறீர். அப்ப கடைசியாப் போனது அந்தக் கிண்ணத்துக்கதான் கிடக்கும். தாங்கியை வடிச்சாலும் அது லேசில போகாது. ஆரும் கை வைக்க முதல் எழுத்தில கேளும். திறக்கேக்க நீரும் நிக்கோணும், வெளியாள் ஒருத்தரும் நிக்கோணும்."

அன்றிரவே மின்னஞ்சல் எழுதினேன். சம்பவத்தைச் சிவில் விமான சேவைகள் அதிகாரசபைக்கு நான் ஏற்கெனவே அறிவித்திருந்தேன்; அதன் பிரதியையும் இணைத்து, காபரேற்றரை சாட்சிகள் முன்னால் திறக்க வேண்டுமென்று கேட்டேன். பல நாள் இழுத்தடித்த பிறகு சம்மதித்தார்கள். அடித் திருகைக் கழற்றியபோது வெள்ளைக் கிண்ணத்தில் விழுந்ததில் பெரும்பகுதி தண்ணீர், அதில் துரு நிறத்தில் தூள். தண்ணீர் காட்டும் பசையைத் தடவியதும் நிறம் மாறியது. மூடியின் ரப்பர் வளையத்தையும் அப்போதே கழற்றிப் படமெடுத்தோம். வலதுபக்க வளையம் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. நான் அந்த இடத்திலேயே அழுதுவிட்டேன், வெட்கப்படவில்லை.

பெரிய விமானங்களின் விசாரணையிலும் இதே வழிதான். 2010 ஏப்ரலில் சுராபாயாவிலிருந்து ஹொங்கொங் போன கத்தே பசிபிக் 780 பறப்பில் இரண்டு எஞ்சின்களும் சொல்வழி கேட்காமல் போயின. மிக அதிக வேகத்தில் இறக்கினார்கள். எஞ்சின்களின் எரிபொருள் கட்டுப்பாட்டுப் பாகங்களுக்குள் சிக்கிக் கிடந்த நுண்ணிய உருண்டைகளிலிருந்துதான், தரையில் எரிபொருள் வடிகட்டியிலிருந்த நீர் உறிஞ்சும் பொருள் உப்புநீர் பட்டு உடைந்து கலந்தது தெரியவந்தது. பார்வைக்குச் சுத்தமாயிருக்கிற எரிபொருளும் ஆபத்தாகலாம்: அவுஸ்திரேலியாவில் 1999 கடைசியில் சுத்திகரிப்பு ஆலையொன்றில் அவ்காஸில் கலந்த இரசாயனம் ஒன்றால் 2000 ஜனவரியில் ஆயிரக்கணக்கான சிறு விமானங்களைத் தரையிறக்கி வைத்தார்கள். எரிபொருளைப் பத்திரப்படுத்தினால்தான் இவையெல்லாம் வெளியே வரும்.

ஆகவே உங்களுக்கு எஞ்சின் திணறி, நீங்கள் பத்திரமாக இறங்கியும் விட்டால், நடுக்கம் அடங்க முன்பே மூன்று காரியம் செய்யுங்கள். ஒருவரும் வடிக்க வேண்டாம் என்று வாயாலும், உடனே குறுஞ்செய்தியாலும் சொல்லுங்கள்; விபத்தென்றால் சட்டப்படியே தொடக் கூடாது, சம்பவமென்றாலும் அதிகாரசபையிடம் கேட்ட பிறகுதான். அனுமதி கிடைத்தால் ஒவ்வொரு தாங்கிக்கும் முன்பக்க வடிக்கும் தனித்தனிச் சுத்தமான கண்ணாடிப் போத்தல் வைத்து, மூடியை நாடாவால் ஒட்டி, நேரம், விமானத்தின் இலக்கம், இரண்டு பேரின் கையொப்பம் எழுதிப் படமெடுங்கள். மூன்றாவது, அதே பவுசரிலோ பரலிலோ நிரப்பிய மற்ற விமானங்களை உடனே நிறுத்தச் சொல்லுங்கள். அன்று பின்னேரம் பறக்க இருந்த மாணவர் ஒருவரை நான் நடுக்கத்தோடேயே போனில் பிடித்து, எல்லா வடிகளையும் மறுபடி பார்க்க வைத்தேன்.

எரிபொருள் வருகிற இடத்தையும் கவனியுங்கள். பரலில் வாங்குகிற இடங்களில் பரலை நிமிர்த்தி மழையில் வைத்தால் மேல்தட்டில் தண்ணீர் தேங்கும். வெயிலில் விரிந்த பரல் இரவில் குளிர்ந்து சுருங்கும்போது அந்தத் தண்ணீரைத் திருகு வழியாக உள்ளே இழுத்துக்கொள்ளும். படுக்க வைத்து, இரண்டு திருகுகளும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வைக்க வேண்டும். 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கான்களிலும் பரல்களிலும் சேமித்து வைக்கிற பழக்கம் எல்லா இடத்திலும் வந்தது. அது போகாத இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். இரத்மலானையில் ஜெட் ஏ-1 (மண்ணெண்ணெய் வகை எரிபொருள்) பாவிக்கிற விமானங்களும் நிற்கின்றன. அதைத் தவறுதலாக நம்முடைய எஞ்சினுக்கு ஊற்றினால் தரையில் ஓடும், ஏறும்போது உள்ளே வெடித்து வெடித்து எரிந்து எஞ்சினை உடைக்கும். நிரப்பும்போது பக்கத்தில் நில்லுங்கள். பவுசரில் சிவப்பு அடையாளம் என்றால் அவ்காஸ், கறுப்பு என்றால் ஜெட். சந்தேகமென்றால் வெள்ளைத்தாளில் ஒரு துளி விட்டுக் காயவிடுங்கள். அவ்காஸ் அடையாளமில்லாமல் போய்விடும், ஜெட் எண்ணெய்க்கறை விடும்.

என் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் சோதனைப் பணத்தை அவர்கள் கைவிட்டார்கள். முன்பணத்தின் மீதியில் ஒரு பகுதியை நிர்வாகச் செலவென்று பிடித்துக்கொண்டு, மாதக்கணக்கில் இழுத்துத் தந்தார்கள். அதற்கிடையில் வேறோர் இடத்தில் பறக்க மறுபடி சோதனைப் பறப்பு, மருத்துவச் சான்றிதழ் புதுப்பித்தல், சட்டத்தரணி ஒருவருக்குக் கொடுத்த கட்டணம். எல்லாம் சேர்த்து 2 இலட்சத்து 30 ஆயிரத்துக்குக் கிட்ட நட்டம், வர்த்தக அனுமதிப்பத்திரம் ஒரு வருடத்துக்கு மேல் பிந்தியது. இப்போது மறுபடி பறக்கிறேன். கடலுக்கு மேல் திரும்புகிற அந்த இடம் வந்தால் கை தானாக எரிபொருள் தெரிவின்மேல் போய் நிற்கும். அதைப் போக்கிக்கொள்ள எனக்கு விருப்பமில்லை.

புதிதாக ஒப்பந்தம் எழுதப் போகிறவர்கள் மூன்று கேள்விகளை மின்னஞ்சலில் கேளுங்கள். எஞ்சின் சேதம் என்றால் காரணத்தை நிரூபிக்க வேண்டியது யார்? காப்புறுதியில் நாம் முதலில் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, அது மாணவரையும் வாடகைக்கு எடுப்பவரையும் உள்ளடக்குகிறதா? விமானம் தரையில் நின்றால் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும்? ஒருமுறைக்கு இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு மேல் முன்பணம் கட்டாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு சொன்னாலும். கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வரும்வரை அதையும் கட்ட வேண்டாம்.